கம்பிக்கு இரண்டு வேலை

கனடாவில் மார்க்கம், பிரம்டன் பக்கம் எங்கள் ஆட்கள் வாங்கும் வீடுகள் பலவற்றில் தூசி உறிஞ்சும் இயந்திரம் கராச்சிலோ பேஸ்மென்டிலோ சுவரோடு பொருத்தியிருக்கும். அதிலிருந்து சுவருக்குள்ளால் இரண்டு அங்குலக் குழாய் ஏறிப்போய், மாடிக்கு மாடி மூடி போட்ட ஒரு வாயில் முடியும். முப்பது அடி ஓஸைக் கொண்டுபோய் அந்த வாயில் செருகி, கைபிடிச் சுவிச்சைத் தட்டினால் கீழே மோட்டர் எழும்பும். அந்தச் சுவிச்சு உடைந்தால் முழு ஓஸையும் எறிந்துவிட்டுப் புதிது வாங்குகிறவர்கள் உண்டு. எறியுமுன் கைபிடியைக் கழற்றி உள்ளே ஒருதரம் பார்க்கவேண்டும். அவ்வளவு நேர்த்தி அதற்குள் இருக்கிறது.

மோட்டரை ஓட்டுவது 120 வோல்ட்டு மின்சாரம். சாதாரண ஓஸின் கைபிடிக்கு அது வருவதே இல்லை. வருவது 24 வோல்ட்டு அளவு, கைக்குக் கேடு செய்யாத சிறு மின்சாரம். சுவிச்சை அழுத்தினால் அந்தச் சிறு சுற்றுப் பூர்த்தியாகி, இயந்திரத்துக்குள் இருக்கும் ரிலேயை இழுக்கிறது. ரிலே பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. பெருவிரல் தொடுவது கட்டளையை மட்டும்தான். 1901 இல் ஹியூபர்ட் செசில் பூத் இங்கிலாந்தில் செய்த தூசி உறிஞ்சும் இயந்திரம் குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும், யன்னலால் ஓஸ் வீட்டுக்குள் போகும். ஓஸைப் பிடித்தவர் ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கம். இன்று அந்த எஞ்சினின் கடிவாளம் பெருவிரலுக்குக் கீழே வந்துவிட்டது.

அந்தக் கட்டளை முப்பது அடி தூரத்தை எப்படிக் கடக்கிறது? இதுதான் என்னை மயக்கிய இடம். ஓஸின் மெல்லிய பிளாஸ்டிக் தோல் காற்றின் இழுவையில் சப்பிவிடாதபடி, அதற்குள் கம்பி சுருள் சுருளாக ஓடித் தாங்குகிறது. பல ஓஸ்களில் மின்சாரத்தைக் கொண்டுபோவதும் அதே கம்பிதான். வேறு வயர் கிடையாது. ஒவ்வொரு சுற்றும் ஒரு சாணுக்குக் குறைவுதான். ஆனாலும் நீட்டிப் பிடித்தால் ஓஸைப்போலப் பல மடங்கு நீளம் வரும். அவ்வளவு தூரமும் சுற்றிச் சுற்றி ஓடி, சுவர் வாயில் உள்ள இரண்டு சின்ன உலோக முனைகளில் கட்டளை போய்ச் சேருகிறது.

இலங்கையில் மன்னார்–பூநகரி வீதியில் வெள்ளாங்குளத்தில் வளர்ந்தவர்களுக்கு, ஒன்றுக்கு இரண்டு வேலை கொடுக்கும் இந்த யுக்தி பழகியது. 1990 இல் பொருளாதாரத் தடை வந்து, பற்றறி கிடைக்காமல் போன வன்னியில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் காதைக் கொடுத்துச் செய்தி கேட்பார்கள். வழமையில் அந்த டைனமோவிலிருந்து சைக்கிள் லைற்றுக்குப் போவது ஒற்றை வயர்தான்; திரும்பி வரும் பாதை சைக்கிளின் இரும்புச் சட்டமே. ஆளைச் சுமக்கிற இரும்பு வெளிச்சத்தையும் சுமந்தது.

எங்கள் ஊர் அண்ணை ஒருவர் இங்கே இப்படி உடைந்த ஓஸ் சுவிச்சு ஒன்றை மாற்றும்போது பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர் முதலில் கைபிடியைத் தொடவே இல்லை. "தம்பி, ஒரு சில்லறை தாரும்" என்றார். சுவர் வாயின் மூடியைத் தூக்கி, அந்த இரண்டு சின்ன முனைகளையும் நாணயத்தால் சேர்த்தார். கராச்சில் மோட்டர் உறுமியது. "மோட்டரிலை பிழையில்லை, ரிலேயும் சரி. பிழை இஞ்சாலைதான்" என்று ஓஸைக் காட்டினார். ஒரு நாணயத்தால் பாதி வீட்டைச் சந்தேகத்திலிருந்து விடுவித்தார். (சுழலும் பிரஷுக்கு மின்சாரம் கொடுக்கிற ஓஸ் என்றால் இப்படிச் செய்யக்கூடாது, அந்த வாயில் 120 வோல்ட்டும் இருக்கலாம். ஓஸைச் சுவரிலிருந்து கழற்றாமல் அதன் கைபிடியைத் திறக்கவும் கூடாது.)

பிறகு திருகாணிகளைக் கழற்றி, கைபிடியின் இரண்டு ஓடுகளையும் மெல்லப் பிரித்தார். எந்த வயர் எந்தத் தடத்தில் படுத்திருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொண்டார். சுவிச்சின் ஆடுநாக்கு அச்சில் முறிந்திருந்தது; உள்ளே செப்புத் தகடு நல்லபடி மினுங்கியது. பிளாஸ்டிக்தான் தோற்றிருந்தது. அதே அளவுச் சுவிச்சை வைத்து, இரண்டு முனைகளையும் குறட்டால் நெரித்துப் பூட்டி, இழுத்துப் பார்த்தார். இரண்டு முனைதான், இடம் வலம் மாறினாலும் பாதகமில்லை. அந்த எளிமையும் எனக்குப் பிடித்தது.

மூடுமுன் அவர் செய்த ஒன்று மிக அழகு. வயரை இறுக்கி இழுத்துக் கட்டாமல், ஓடுகளுக்கு நடுவே நெரிபடாதபடி, ஒரு விரல் நீளம் மிச்சம் விட்டு மடித்து வைத்தார். கைபிடி திரும்பும்போது வயர் இழுபடாது. இன்னொரு நாள் இதைத் திறக்கிறவர் வெட்டிப் புது முனை போடவும் வயர் இருக்கும்.