எழுத்தை அழித்தால் காட்சி காலி!

காரைக்காலில் கல்யாணம், கோயில் விழா என்று வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர், போன மாதம் என்னை கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, ‘‘அண்ணே, இனிமே எடிட்டிங்குக்கு ராத்திரி முழிக்க வேணாம்’’ என்றார்.

திரையில் வீடியோ. பக்கத்திலேயே, அதில் பேசியதெல்லாம் எழுத்தாக! வேண்டாத வரியை டெலிட் செய்தால் அந்தக் காட்சியே காலி. வரியை மேலே நகர்த்தினால் காட்சியும் கூடவே போகிறது. லெட்டர் டைப் அடிக்கத் தெரிந்தால் போதும், நீங்களும் எடிட்டர்தான்.

ஃபிலிமைக் கையால் வெட்டி ஒட்டிய காலத்தில், 1994 பொங்கலுக்கு வந்த கமலின் ‘மகாநதி’தான் ஆவிட் கம்ப்யூட்டர் எடிட்டிங்கைத் தமிழ் சினிமாவுக்குள் கொண்டுவந்தது. அதற்கடுத்த பெரிய தாவல் இது என்பேன். டிஸ்கிரிப்ட் பிரபலமாக்கிய இந்த வசதி, 2023-ல் அடோபி பிரீமியர் ப்ரோவுக்கும் டாவின்சி ரிசால்வுக்கும் வந்துவிட்டது. ஓப்பன் ஏஐ 2022-ல் வெளியிட்ட ‘விஸ்பர்’ தமிழையும் கேட்டு எழுதுகிறது.

நான் பி.காம். படித்தவன். வரவு எழுதினால் பற்றும் எழுதணுமே!

முதல் பற்று, நம்ம ஊர்ப் பேச்சு. மீனவப் பெரியவர் தென்காற்றைச் ‘சோழகம்’ என்றார். மிஷின் ‘சோழர்’ என்று எழுதிவைத்திருந்தது. பிறகு ‘சோழகம்’ என்று தேடினால் அந்தக் காட்சி எப்படிக் கிடைக்கும்?

ரெண்டாவது, பேச்சே இல்லாத காட்சி. மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் பறக்குமே... அந்த இடத்தில் எழுத்துப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. பக்கத்தை மட்டும் பார்த்து வெட்டுகிறவருக்குத் திருவிழாவே போச்சு!

மூன்றாவதுதான் என்னை உறுத்தியது. 2004 டிசம்பர் 26 சுனாமி பற்றி ஒரு அம்மா பேசுகிறார். ‘‘புள்ள கையைப் புடிச்சிருந்தேன்...’’ என்றவர் நிறுத்திவிட்டுக் கடலைப் பார்க்கிறார். பதினோரு செகண்ட். அப்புறம், ‘‘அலை பெருசு’’ என்கிறார். ‘இடைவெளிகளை நீக்கு’ என்றொரு பட்டன் இருக்கிறதே, தம்பி அதை அழுத்தியிருந்தார். இரண்டு வாக்கியமும் ஒட்டிக்கொண்டு, ரேடியோ செய்தி மாதிரி ஓடியது.

‘‘தம்பி, அந்த அம்மா சொன்னதே அந்த பதினோரு செகண்ட்லதானப்பா இருக்கு’’ என்றேன். ஒரிஜினலைப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கன்ட்ரோல் இஸட் அடித்தார்.

இந்த மென்பொருள் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ரெண்டு மணி நேரப் பேட்டியை முதல் சுற்றில் இருபது நிமிஷமாக்க இதைவிட நல்ல ஆள் கிடையாது. உங்கள் வீட்டுப் பெரியவர்களைப் பேசவைத்துப் படம் பிடியுங்கள், இதிலேயே வெட்டுங்கள். ஆனால் அந்த இடைவெளி பட்டனை மட்டும் தொடாதீர்கள். மிச்சமாகும் நேரத்தில், எழுத்தை மூடிவிட்டு, காதில் ஹெட்போன் மாட்டி, முழுசாக ஒரு தடவை பாருங்கள்.