அடைத்த கதவும் திறந்த மலையும்

மைசூரில் விஜயநகர் என்னும் பகுதியில் குடியிருக்கும் நாம், வெற்றி என்னும் சொல்லை நாள்தோறும் முகவரியில் எழுதி வருகிறோம். அதே பெயர் தாங்கிய பேரரசு 1565ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போரில் நிலைகுலைந்தது என்பதை எவரும் நினைப்பதில்லை. வெல்ல முயல்வதும் தோல்வியைத் தவிர்ப்பதும் ஒன்றே என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். இவ்விரண்டும் வெவ்வேறு என்பதற்குப் புறநானூற்றைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சோழர் குடியில் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்தனர். நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட, நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தான். அவனை நோக்கிக் கோவூர் கிழார் பாடியதே 44ஆம் பாட்டு. புலவர் முதலில் அறவுரை கூறவில்லை. கோட்டைக்குள் நடப்பதையே காட்டுகிறார். நெய் சேர்ந்த சோற்றுக் கவளம் பெறாத யானைகள் துன்புறுகின்றன. பாலின்றிக் குழந்தைகள் அழுகின்றன. பெண்டிர் பூவற்ற கூந்தலை முடிக்கின்றனர். நீரற்ற வீடுகளிலிருந்து வருந்தும் குரல் கேட்கிறது. இவ்வளவையும் அடுக்கிய பின்னரே, அறவழியில் நிற்பாயாயின் 'உனது' என்று கூறிக் கதவைத் திற, மறவழியில் நிற்பாயாயின் போரிடுவதற்குத் திற என்கிறார். இரண்டுமின்றிக் கதவடைத்து மதிலின் ஒருபுறத்தே ஒதுங்கியிருத்தல் நாணத்தக்கது என்பது அவர் தீர்ப்பு.

இங்கு ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். புலவர் நெடுங்கிள்ளியை 'வெல்க' என்று கூறவில்லை. கொடுத்துவிடுவதையும் அவர் இழுக்காகக் கருதவில்லை. அவர் இகழ்வது மூன்றாம் நிலையை மட்டுமே. தோற்காமலிருப்பது ஒன்றே குறிக்கோளான இடத்தில், எதனைக் காக்கிறோமோ அதுவே உள்ளே வாடத் தொடங்குகிறது. நெடுங்கிள்ளி தோற்கவில்லை, பசித்தவை யானைகளும் குழந்தைகளும்.

கோவூர் கிழார் நலங்கிள்ளியைப் பல பாட்டுகளில் புகழ்ந்தவராயிற்றே, முற்றுகையிட்டவன் பக்கம் நின்று பேசினாரோ என்னும் ஐயம் எழலாம். நமக்கும் அவ்வையம் எழுந்ததுண்டு. 45ஆம் பாட்டு அதனைப் போக்குகிறது. உறையூரை முற்றியிருந்த நலங்கிள்ளியையும் உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளியையும் ஒருங்கே நோக்கி, உங்களில் ஒருவனும் பனம்பூச் சூடிய சேரன் அல்லன், வேம்பு சூடிய பாண்டியன் அல்லன், இருவர் கண்ணியும் ஆத்தியே. ஒருவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே என்கிறார். அடைத்தவனுக்கு இடித்துரைத்த புலவர் வெல்லப் புறப்பட்டவனையும் விடவில்லை. எல்லா வெற்றியும் வெற்றியன்று என்பதை அறிந்தவர் அவர்.

47ஆம் பாட்டின் பின்னணியை இவற்றோடு சேர்த்துப் படித்தால் அடைத்திருப்பவனின் உள்ளம் முழுதும் விளங்கும். நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவரை, ஒற்றர் எனக் கருதிக் கொல்லத் துணிந்தான் நெடுங்கிள்ளி. கோவூர் கிழாரே பாடி அவர் உயிரை மீட்டார். வள்ளல்களை நாடிப் பறவைபோல் அலைந்து, பெற்றதைச் சுற்றத்தார்க்கு ஊட்டும் எளிய வாழ்வு புலவர் வாழ்வு. அதனால் யாருக்குத் தீங்கு என்று கேட்கிறார். கதவை நெடுநாள் அடைத்தவனுக்கு வருவோரெல்லாம் ஒற்றராகத் தோன்றுவது இயல்பே போலும். அம்மன்னனைக் 'காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி' என்றே பழங்குறிப்பு சுட்டுகிறது. அவன் பெயரோடு நின்றது அடைத்துக் காத்த ஆவூருமன்று, உறையூருமன்று.

காப்போரைத் தமிழ் மரபு இழித்தது என்று இதனால் முடிவு கட்டலாகாது. தொல்காப்பியர் மதிலை முற்றுவோனையும் உள்ளிருப்போனையும் உழிஞை என்னும் ஒரே திணையில் அடக்கினார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலையோ ஆநிரை மீட்போர்க்குக் கரந்தையும், படையெடுப்பை எதிர்ப்போர்க்குக் காஞ்சியும், மதில் காப்போர்க்கு நொச்சியும் எனத் தனித்தனிப் பூச் சூட்டியது. வள்ளுவரும் அரணுக்குப் பத்துக் குறள் தந்து, செயல் மாட்சி இல்லாதவர்க்கு எவ்வரணும் பயனில்லை என்றே அதனை முடித்தார். 44ஆம் பாட்டில் நாம் காணும் நெடுங்கிள்ளி நொச்சி மறவனாகவும் தோன்றவில்லை என்பதே குறை.

பறம்பும் முற்றுகைக்கு உள்ளானதே. மூவேந்தரும் சூழ்ந்து நின்றபோது கபிலர் பாடிய 109ஆம் பாட்டின் போக்கு முற்றிலும் வேறு. உழவர் உழாமலே மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக் கிழங்கும் தேனும் விளையும் மலை இது. வாளால் கொள்ள முடியாது. யாழ் மீட்டி, விறலியர் பின்வர, ஆடியும் பாடியும் வந்தால் நாட்டையும் மலையையும் ஒருங்கே தருவான் என்கிறார். பகைவர்க்கு நுழையும் வழியைத் தாமே கூறுகிறார்! ஆவூரில் உணவு குறைந்தது. பறம்பில் உணவு பாடப்படுகிறது. இறுதியில் பாரி மடிந்தான், குன்றும் போயிற்று என்பதை அவன் மகளிர் பாடிய பாட்டு உணர்த்தும். தோற்றவன் பாரி. எனினும் வள்ளன்மைக்கு இன்றும் நாம் கூறும் பெயர் அவனுடையதே.

நம் இல்லங்களில் தமிழ் எந்தக் கோட்டையில் இருக்கிறது? 'பிள்ளைகள் மறந்துவிடக் கூடாது' என்பதே நம் வேண்டுதலாக உள்ளது. அதற்காக, பள்ளியிலும் தெருவிலும் கேட்ட கன்னடச் சொல்லை வாசலிலேயே விட்டுவரச் சொல்லும் பெற்றோர் உளர், நாமும் சொல்லியிருக்கிறோம். மறவாத தமிழ் 'சாப்பிட்டாயா, படித்தாயா' என்பதோடு நின்றுவிட்டதையும் கண்டிருக்கிறோம்.

இவ்வூரிலேயே 1929இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் ஏ. கே. ராமானுஜன். வீட்டின் கீழ்த்தளத்தில் தமிழ், மாடியில் தந்தையோடு ஆங்கிலம், வெளியே கன்னடம் என வளர்ந்தவர். கன்னடத்தில் கவிதை எழுதியவர். 1962இல் சிகாகோப் பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கண நூல் ஒன்றைத் தேடிச் சென்றவர் கையில், உ. வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த சங்கத் தொகை நூல் அகப்பட்டது. அதன் பின்னரே அகப்பாட்டுகளை 1967இலும், புறப்பாட்டுகளையும் சேர்த்து 1985இலும் ஆங்கிலத்தில் நூலாக்கினார். தன் மரபும் பிறப்பால் தானே வருவதன்று, உழைத்து ஈட்ட வேண்டியது என்பது அவர் கருத்து. தாய்மொழியை வைத்துக் காத்தவர் என்று அவரைக் கூறுவது பொருந்தாது. தேடிச் சென்று பெற்றவர் என்பதே பொருந்தும்.

அடுத்த வாசிப்புக் கூட்டத்தில் 44ஆம் பாட்டையும் 109ஆம் பாட்டையும் அருகருகே வைத்துப் படிக்க எண்ணியுள்ளோம். அயல்வீட்டுக் கன்னட அன்பர்களையும் அழைக்கிறோம். பறம்பின் வளத்தை அவர்களுக்குக் கன்னடத்தில் எடுத்துரைக்கும் பொறுப்பு நம் பிள்ளைகளுடையது.