பலகணி வழியே நகரம்

சாளரத்துக்கு நம் முன்னோர் இட்ட பெயர்களுள் ‘காலதர்’ ஒன்று. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. மற்றொன்று ‘பலகணி’, பல கண்களையுடையது. அரபியிலும் இவ்வாறே ‘நாஃபிதா’ என்பது ஊடுருவுவதைக் குறிக்கும். ‘ஷுப்பாக்’ பின்னலிட்டதைக் குறிக்கும். முன்னது திறப்பைப் பேசுகிறது, பின்னது தடுப்பைப் பேசுகிறது. சாளரத்திலிருந்து நகரைப் படம்பிடித்த கலைஞரையும் இவ்விரு வகையில் வைத்து நோக்கலாம் எனத் தோன்றுகிறது.

நவீனப் புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான அமெரிக்கர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ், 1915இல் நியூயார்க் ஐந்தாம் அவென்யூவின் ‘291’ என்னும் தம் கலைக்கூடத்துப் பின்பக்கச் சாளரத்திலிருந்து கொல்லைகளையும் கூரைகளையும் எடுத்தார். 1930களின் தொடக்கத்தில் ஷெல்டன் ஓட்டலின் உயர்மாடியிலிருந்து, எழும்பிவரும் கட்டடங்களை எடுத்தார். நிழலும் வெயிலும் கணக்கிட்டாற்போல் அமைந்த படங்கள் அவை. அழகில் குறை சொல்ல இடமில்லை. ஆயினும் அப்பெருநகரில் மனிதரைத் தேடவேண்டியிருக்கிறது. எங்கிருந்து பார்க்கிறார் என்பதையும் தலைப்பே சொல்கிறது; சட்டமோ கண்ணாடியோ படத்தில் தென்படுவதில்லை. அயலார் இல்லத்துள் அனுமதியின்றி நோக்குவதை மார்க்கம் கடிந்திருப்பதை அறிந்த நமக்கு, அவர் எட்டிப் பார்க்கவில்லை என்பது ஆறுதலே. ஆனால் ஆளையே காணாத பார்வை கண்ணியமான பார்வையாகிவிடுமா?

(‘கேமரா’ என்னும் சொல் அரபியின் பிள்ளை என்று நம்மவர் சிலர் எழுதுவதுண்டு. அது பொருந்தாது, அறையைக் குறிக்கும் லத்தீன் சொல் அது. பெருமைக்கு அச்சொல் வேண்டியதுமில்லை. பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம், ‘கிதாபுல் மனாழிர்’ நூலில், ஒரே துளையின் எதிரே பல விளக்குகளை வைத்து, ஒவ்வொன்றின் ஒளியும் மற்றதோடு கலவாமல் இருண்ட இடத்துள் தனித்தனியே விழுவதைக் காட்டினார்.)

ஜெய்ப்பூரில் 1942இல் பிறந்த ரகுபீர் சிங், வண்ணப் படத்தையே தம் வழியாகக் கொண்டவர். 1999இல் அவர் மறைந்தபின், 2002இல் வெளிவந்த படநூலில் அம்பாசிடர் காரே அவருடைய சாளரம். கதவு, கண்ணாடி, பின்புறம் காட்டும் ஆடி யாவும் படத்துள்ளேயே நிற்கின்றன, வீதி துண்டுதுண்டாகிறது. அமர்ந்தவரின் கண்மட்டம் வீதியில் செல்வோரைவிட உயர்ந்ததன்று. அமைச்சரும் அதிகாரியும் ஏறிய வாகனமாயிற்றே என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும், ஆனால் தாம் காருக்குள் இருப்பதை அவர் மறைக்கவில்லை. ஸ்டீக்லிட்ஸைவிட அவரை நாம் மேலாக மதிப்பது இதனாலேயே.

திருநின்றவூரில் மின்சார ரயிலேறிச் சென்னை சென்ட்ரல் செல்லும் வாசகர்க்கு இது எளிதில் விளங்கும். 1856இல் திறந்த அப்பாதை ஆவடி, அம்பத்தூர், வில்லிவாக்கம் என நெடுகிலும் வீடுகளின் முகத்தைவிட முதுகையே மிகுதியாகக் காட்டுகிறது: உலரும் துணி, தண்ணீர்க் குடம், பாதி எழுப்பிய சுவர். சன்னலின் குறுக்குக் கம்பிகள் அனைத்தையும் வரியிடுகின்றன. அப்பாதையைப் படமாக்க இளைஞர் எவரேனும் முன்வரின், கம்பியைத் தவிர்க்கும் பொருட்டுக் கேமராவை வெளியே நீட்டாதிருக்கட்டும்.