பாசுபதத்துக்கு என்ன விலை?

ஊவாவின் தோட்டங்களில் ஆடப்பட்டுவரும் கூத்துகளில் காமன் கூத்துக்கும் பொன்னர் சங்கருக்கும் பக்கத்தில் அருச்சுனன் தபசும் இருக்கிறது. அதில் பாசுபதம் கைக்கு வரும் கட்டம் கடைசியில்தான் வரும். வனவாசத் துயரம், இமயம் நோக்கிய நடை, பன்றி வேட்டை, வேடனாக வந்த சிவனோடு மல்லுக்கட்டு என்று கதை நீள்கிறது. விரதமிருந்து வேடம் கட்டியவர் உயரமான தபசு மரத்தில் நிஜமாகவே ஏறுகிறார். ஓர் ஆயுதம் ஒருவன் கைக்கு வந்த கதையைச் சொல்ல ஓர் இரவு போதுமா போதாதா என்றிருக்கும்.

இதே காரியம் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு வரியில் முடிந்துவிடும். மிகச் சிறிய மந்திர வாளின் மந்திரத்துக்கு 2,000 பொற்காசு. அடுத்த படிக்கு 8,000. அதற்கும் அடுத்ததற்கு 18,000. இருக்கும் வாளையே உயர்த்த வேண்டுமானால் வித்தியாசத்தைக் கட்டினால் போதும். செய்முறை தெரிந்தவர் பாதி விலையில் தாமே செய்துகொள்ளலாம். கூடவே தம் அனுபவப் புள்ளிகளில் கொஞ்சம் இழக்க வேண்டும், அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட விளையாட்டு இது. ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பேசி ஆடுவார்கள். ஒருவர் மட்டும் வேடம் கட்டாமல் உலகத்தையே நடத்துவார். நம் கூத்து மாஸ்டரைப்போல. சந்தேகமான இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். மந்திர வாளும் மோதிரமும் இந்த ஆட்டத்தின் பெரிய ஆசைகள். அவை எப்படிக் கிடைக்க வேண்டும் என்பதில் ஐம்பது வருடமாக ஒரு முடிவில்லை.

தொடக்கத்தில் எல்லாம் பகடை. அரக்கனைக் கொன்று பெட்டியைத் திறந்தால், அட்டவணையைப் பார்த்துப் பகடை உருட்டி, வந்தது வரட்டும் என்று எடுத்துக்கொள்வார்கள். இதில் ஒரு கிளர்ச்சி இருந்தது. ஆனால் வில்லாளிக்குக் கோடரியும் கோடரிக்காரனுக்கு மந்திரச் சுவடியும் கிடைத்து இருவரும் விழிப்பார்கள். 2000ஆம் ஆண்டின் விலைப்பட்டியல் அந்தக் குறையைத்தான் தீர்த்தது. அதைத் திட்டுகிறவர்கள் அதன் நியாயத்தை மறந்துவிடுகிறார்கள். கடையில் ஆள் பார்த்து விலை சொல்வதில்லை. ஆட்டத்தை நடத்துபவரின் செல்லப்பிள்ளைக்கும் கூச்சத்தில் வாய் திறக்காதவனுக்கும் அதே வாள், அதே காசு.

கெடுதல் வேறு இடத்தில் இருந்தது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வீரனிடம் எவ்வளவு செல்வம் இருக்க வேண்டும் என்று அட்டவணை போட்டு, அதற்கு ஈடாக எதிரிகளின் வலுவையும் ஏற்றிவைத்தார்கள். வாள் ஒரு படி உயர்ந்தால் அரக்கனின் தோலும் ஒரு படி தடிக்கும். 2021இல் தேயிலைத் தோட்டங்களில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனபோது, ஒரு நாள் பேருக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் கிலோவைத் தோட்ட நிர்வாகங்கள் கூட்டிவிட்டன என்று தொழிலாளர்கள் முறையிட்டார்களே, அந்தக் கணக்குத்தான் இது. உயர்ந்ததாகத் தோன்றும், கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. வாங்காமல் இருக்கவும் முடியாது, வாங்காதவன் செத்துப்போவான். ஆகவே எல்லோரும் ஒரே மாதிரியான மேலங்கி, மோதிரம், இடைவார் என்று உடம்பெல்லாம் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஒன்றுக்கும் பெயரில்லை, கதையில்லை.

2008 பதிப்பு வேண்டிய பொருட்களை வீரர்களே எழுதிக் கொடுக்கலாம் என்றது. கேட்டதே பெட்டிக்குள் இருந்தால் பெட்டியைத் திறப்பதில் என்ன இருக்கிறது? 2014 பதிப்பு கொஞ்சம் விழித்துக்கொண்டது. மந்திரப் பொருள் இல்லாமலும் ஆட்டம் நடக்கும்படி கணக்கைத் திருத்தி, வலிய பொருட்களில் ஒருவர் மூன்றோடு மட்டுமே தம்மைப் பிணைத்துக்கொள்ளலாம் என்று வரம்பு கட்டியது. நல்ல வரம்புதான். ஆனால் அந்த மூன்றும் எப்படி வர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் நடத்துபவரின் தலையில் கட்டிவிட்டது.

இந்த இடத்தில் பாரதக் கதை நமக்குப் பெரிய துணை. அங்கே எந்த ஆயுதமும் அநாமதேயமாக வருவதில்லை. காண்டவ வனத்தை உண்ண விரும்பிய அக்கினி கேட்டு, வருணன் கொடுத்தது காண்டீபம். கவச குண்டலத்தை அறுத்துக் கொடுத்ததற்கு ஈடாக இந்திரன் கர்ணனுக்குக் கொடுத்தது சக்தி ஆயுதம். அதுவும் ஒரே ஒரு முறைக்கு. அந்த ஒரு முறையும் கடோற்கசன்மேல் போயிற்று. இராமாயணத்திலும் அப்படியே. எல்ல ஊருக்குப் போகிறவர்கள் இராவணன் பெயரிலுள்ள நீர்வீழ்ச்சியில் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். அவனுக்குச் சிவன் கொடுத்த சந்திரகாசம் என்ற வாளுக்கும், அவமதித்தால் கொடுத்தவரிடமே திரும்பிவிடும் என்ற நிபந்தனை இருந்தது என்கிறது உத்தரகாண்டம். கொடுத்தவன் யார், எதற்காகக் கொடுத்தான், எப்போது கைவிடும் என்ற மூன்றும் சேர்ந்தே ஆயுதம்.

இன்னொன்றும் உண்டு. காண்டீபம் கடைசிவரை அதே காண்டீபந்தான். அதற்குப் படிகள் கிடையாது, வளர்ந்தது அருச்சுனன். கண்ணன் போன பிறகு வில்லை நாணேற்றவே அவன் திணறுகிறான். இறுதிப் பயணத்தில் அக்கினி வந்து கேட்க, வில்லும் தூணிகளும் கடலுக்குப் போகின்றன. மேசையாட்டம் மேலே ஏறத்தான் பழகியிருக்கிறது. கொடுத்ததைத் திரும்ப வாங்கும் கட்டத்தை எழுத அதற்குத் தைரியம் குறைவு.

இதற்காகப் பாரதத்தைத் தலையில் தூக்கிவைக்கவும் நான் தயாரில்லை. கொடுப்பவன் ஒருவன் இருக்கிறான் என்றால் மறுப்பவனும் அவனே. துரோணர் கர்ணனுக்குப் பிரமாத்திரத்தைக் கற்றுத்தர மறுத்தது பிறப்பைக் காட்டி. அவன் பொய் சொல்லிப் பரசுராமரிடம் கற்றான். வேண்டிய நேரத்தில் மறந்துபோகும் என்ற சாபத்தோடு வந்தான். ஏகலைவனுக்குக் கட்டைவிரலே போயிற்று. கொழுந்துக் கூடையோடு நாள் முழுதும் மலையேறி இறங்கிவிட்டு இரவில் கூத்துப் பார்க்க உட்காரும் சனம், தபசு மரம் எல்லாருக்கும் நடப்படவில்லை என்பதை அறியாத சனம் அல்ல. விலைப்பட்டியல் என்ற வறட்டுச் சாமான் அந்த வாசற்காவலை உடைத்தது. மேசையைச் சுற்றி உட்காரும் நண்பர்களுக்குள்ளும் துரோணர்கள் உண்டு. நடத்துபவர் தமக்குப் பிடித்தவனுக்கே வாளைக் கொடுத்துக் கெடுத்த ஆட்டங்கள் எத்தனையோ.

இரண்டுக்கும் நடுவே வழி கண்டது, என் கணிப்பில், 1993இல் வந்த ஏர்த்டான் என்ற இன்னொரு மேசையாட்டம். அங்கே பெயருள்ள பழைய ஆயுதங்களோடு வீரன் ஓர் இழையைப் பின்னிக்கொள்கிறான். அதைச் செய்தது யார், முன்பு ஏந்தியவன் எங்கே விழுந்தான் என்று தேடி அறிந்தால் ஒரு சக்தி திறக்கும். இன்னும் மேலே போக ஓர் அருஞ்செயலும் செய்ய வேண்டும். விதி எழுத்தில் இருப்பதால் யாருக்கும் பொது. விலை காசாக இல்லாததால் கதை மலிவதில்லை. குறையும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு வரலாறு எழுதுவது நடத்துபவரின் முதுகை ஒடிக்கும் வேலை. சில வாரங்களில் குழு கலைந்துபோனால் எழுதியதெல்லாம் வீண். மேசையாட்டக் குழுக்கள் பெரும்பாலும் கலையத்தான் செய்கின்றன.

ஏர்த்டானிடமும் இல்லாத ஒன்று கர்ணனிடம் இருக்கிறது. இந்திரன் யாசகனாக வருவான் என்று சூரியன் முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறான். தெரிந்தே கொடுக்கிறான் கர்ணன். ஆகையால்தான் அந்த இழப்பு நம்மை உலுக்குகிறது. விளையாட்டில் பொருளைப் பறித்தால் ஆடுபவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள் என்பது உண்மை; பறிப்பதால் வரும் கோபம் அது. முன்னே சொல்லி, எதை விட்டு எதை எடுக்கிறாய் என்று கேட்டால், பலர் கவசத்தைக் கழற்றிக் கொடுக்கவும் கூடும்.

தமிழில் இப்படியொரு மேசையாட்டம் எழுத நினைக்கும் இளைஞர்கள் பண்டாரவளையிலோ அப்புத்தளையிலோ இருந்தால், அவர்களுக்கு என் வேண்டுகோள் இது: வெள்ளைக்காரன் அட்டவணையை மொழிபெயர்ப்பதற்கு முன் உங்கள் தோட்டத்துக் கூத்து மாஸ்டரிடம் ஒருநாள் உட்காருங்கள். கொடுத்தவன் பெயர், நிபந்தனை, திரும்பிப் போகும் காலம் மூன்றையும் அவரிடம் கேட்டு எழுதுங்கள். தவம் செய்யத் தகுதி யாருக்கு என்ற விதியை மட்டும் அங்கிருந்து எடுக்காதீர்கள்; மரத்தில் ஏற மனமுள்ள எவரும் ஏறலாம் என்று நீங்களே புதிதாக எழுதுங்கள்.