காதிரைச்சலுக்குக் காந்த சிகிச்சை: அந்த 56 சதவீதம் எங்கிருந்து வந்தது?

"மூளைக்குக் காந்தம் வச்சா காது இரைச்சல் போயிடும், 56 சதவீதம் வெற்றி" என்று ஒரு வீடியோ போடி பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்த எண் பொய் இல்லை. அதைச் சொல்கிற விதத்தில்தான் எனக்குப் பிரச்சினை.

இங்கே இதைக் கேட்க ஆள் நிறைய உண்டு. ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிற மோட்டார் பக்கத்திலேயே வருஷக்கணக்கில் நின்றவர்கள், "படுத்தா சில்வண்டு கத்துற மாதிரியே இருக்கு" என்பார்கள். போடிமெட்டுக்கு மேலே நிஜமாகவே சில்வண்டு கத்தும். கீழே இறங்கி வீட்டுக்கு வந்த பிறகும், மாசக்கணக்கில் அது ஓயவில்லை என்றால், அதுதான் நாள்பட்ட டின்னிட்டஸ்.

சிகிச்சைக்குப் பின்னால் இருக்கிற யோசனை நியாயமானதுதான். காது கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கும் திறனை இழக்கும்போது, மூளையின் கேட்கும் பகுதிக்கு வரவேண்டிய சேதி குறைகிறது. அதை ஈடுகட்ட மூளை தன் வால்யூமைத் தானே கூட்டிக்கொள்கிறது. அதுவே இரைச்சலாகக் கேட்கிறது என்பது கருத்து. தலைமேல் ஒரு கம்பிச்சுருளை வைத்து, விநாடிக்கு ஒரு காந்தத் துடிப்பு வீதம் கொடுத்தால் அந்தப் பகுதி அடங்கும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

இப்போ அந்த 56. அமெரிக்காவில் போர்ட்லாந்தில் ராபர்ட் ஃபோல்மர் குழு நடத்திய ஆய்வு, 2015ல் வெளியானது. மொத்தம் 64 பேர். 32 பேருக்கு நிஜச் சுருள், 32 பேருக்குப் போலிச் சுருள். ஒரு அமர்வுக்கு 2,000 துடிப்பு, தொடர்ந்து 10 வேலைநாள். நிஜச் சுருளில் 18 பேருக்குப் பலன். இதுதான் 56 சதவீதம். போலிச் சுருளிலும் 7 பேருக்குப் பலன். அது 22 சதவீதம். வீடியோவில் இந்த 22 வரவே இல்லை. கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது 34, அதாவது ஏறக்குறைய மூணு பேரில் ஒருவர். அதோடு, 'பலன்' என்றால் இரைச்சல் நின்றது என்று பொருள் இல்லை. அது எவ்வளவு தொந்தரவு செய்கிறது என்று கேட்கும் கேள்வித்தாளில் மதிப்பெண் குறைந்தது, அவ்வளவுதான்.

சரி, மூணுல ஒண்ணு கூட நல்லதுதானே? அப்படித்தான் நானும் நினைத்திருப்பேன், அடுத்த ஆய்வு வராமல் இருந்திருந்தால். ஜெர்மனியில் பல மருத்துவமனைகள் சேர்ந்து, 163 பேரை வைத்து, ஏறக்குறைய இதே முறையில் செய்த ஆய்வு 2017ல் வெளியானது. நிஜச் சுருள் போலிச் சுருளை விஞ்சவில்லை. சின்ன ஆய்வில் தெரிந்த பலன் பெரிய ஆய்வில் காணாமல் போனால், பெரியதைத்தான் நான் கூடுதலாக நம்புவேன்.

அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம், இந்த சிகிச்சையை வழக்கமாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று 2014லேயே சொல்லிவிட்டது. "அது பழைய வழிகாட்டி, 2015 ஆய்வுக்கு முந்தினது" என்று வாதிடுவார்கள். வாதம் சரிதான். ஆனால் 2017க்கும் அது முந்தினது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? "அமெரிக்க அரசு அனுமதித்த மெஷின்" என்பதும் இப்படித்தான். 2008ல் கிடைத்த அனுமதி மனச்சோர்வுக்கு. காதிரைச்சலுக்கு இல்லை.

இதில் பணயம் வைக்கப்படுவது யாருடைய காசு என்று பாருங்கள். மெஷின் மதுரையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். போடியிலிருந்து ரயில் பாதையில் 90 கிலோமீட்டர். ரெண்டு வாரம் போய்வந்தால் பத்து நாள் கூலி போச்சு, கூடவே வண்டிச் சத்தம், அதுக்கும் மேல ஃபீஸ். ஜீப்பில் மலையேறிக் காய் பறிக்கிற ஒருவருக்கு இது சின்னக் கணக்கு இல்லை.

அதே 2014 வழிகாட்டி செய்யச் சொல்வதும் உண்டு: கேட்கும் திறன் பரிசோதனை, திறன் குறைந்திருந்தால் காதுக்கருவி பொருத்திப் பார்ப்பது, இரைச்சலோடு வாழப் பழக்கும் சிபிடி என்ற பேச்சு வழி சிகிச்சை. முதல் வேலைக்கு மதுரை வரை போக வேண்டாம்; க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் தொடங்கலாம். திடீர்னு காது கேட்காமல் போனாலோ, ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து இரைந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். முதலாவதுக்கு அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஆராய்ச்சி நடக்கட்டும். யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே பிரித்தறிய வழி கிடைத்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். அதுவரை, இந்த சிகிச்சையை யாராவது உங்களிடம் விற்க வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போலிச் சுருள் வச்சவங்கள்ல எத்தனை பேருக்குக் குறைஞ்சது?"