மூக்குச் சக்கரத்தின் மேல் விழும் பழி

1956-இல் மூக்குச் சக்கரத்தோடு வந்த செஸ்னா 182 சிறுவிமானத்தின் சக்கர அமைப்பை, செஸ்னா நிறுவனம் ‘லேண்ட்-ஓ-மேட்டிக்’ என்று பெயரிட்டு விற்றது. இறங்குவது இனிச் சுலபம் என்ற வாக்குறுதி அந்தப் பெயரிலேயே இருந்தது. வாக்குறுதி பாதி பலித்தது. வால் சக்கர விமானங்கள் ஓடுதளத்தில் சுழன்று திரும்பும் தொல்லை பெருமளவு குறைந்தது. ஆனால் இன்று பழைய 182 ஒன்றை வாங்கப் போகிறவர் முதலில் தேடுவது, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள ஃபயர்வால் தகட்டில் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்பதைத்தான். மூக்கு தரையில் மோதியதற்கு அதுதான் சாட்சி. குற்றம் யாருடையது?

இயந்திரத்தின் மேல் சொல்லப்படும் புகார் பொய்யல்ல. ஆறு சிலிண்டர் எஞ்சின் முன்னால் கனக்கிறது. முன் இருக்கைகளில் இருவர், பின்னிருக்கை காலி, இறக்கையின் ஃபிளாப் முழுவதும் இறக்கம் என்றால் மூக்கைத் தூக்கிப் பிடிக்க யோக்கை, அதாவது கட்டுப்பாட்டுப் பிடியை, நன்றாக இழுக்க வேண்டும். ஆனால் சக்கரங்கள் நோஞ்சான் அல்ல. சிறு விமானங்களின் சக்கர அமைப்பு வினாடிக்கு 7 முதல் 10 அடி வரையிலான இறக்க வேகத்தைத் தாங்க வேண்டும் என்பது 2017 வரை இருந்த அமெரிக்க வடிவமைப்பு விதி; அதாவது நிமிடத்துக்கு 420 முதல் 600 அடி. 65 நாட் வேகத்தில் மூன்று பாகைச் சரிவில் வரும் விமானம் நிமிடத்துக்குச் சுமார் 345 அடிதான் இறங்கும். மூக்கை நிமிர்த்தாமல் இறங்கினாலும் பிரதானச் சக்கரங்கள் முதலில் பட்டால் தாங்கிவிடும். ஆக, வேகமாக இறங்கியதைவிட எந்தச் சக்கரம் முதலில் தொட்டது என்பதே முக்கியம்.

அது விமானியின் கையில் இருக்கிறது. வேகம் பத்து சதவீதம் கூடினால் இயக்க ஆற்றல் 21 சதவீதம் கூடும். விமானம் மிதந்துகொண்டே போகும். பொறுமை இழந்தவர் யோக்கை முன்னே தள்ள, மூக்குச் சக்கரம் மோதி மூக்கு எகிறும். மறுபடி தள்ள, அடுத்த மோதல் இன்னும் பலமாக இருக்கும். ப்ரொப்பெல்லர் தரையைத் தட்டினால் எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கைகள் இத்தகைய விபத்துகளுக்கு வழக்கமாகச் சொல்லும் காரணம், விமானி சரியாக நிமிர்த்தவில்லை, துள்ளலிலிருந்து சரியாக மீளவில்லை என்பது. உண்மைதான், ஆனால் நடந்ததைச் சொல்கிறதே தவிர, ஏன் நடந்தது என்பதைச் சொல்லவில்லை. முதல் துள்ளல் எவருக்கும் நேரும். அப்போது முழுச் சக்தி கொடுத்து மேலேறியிருந்தால் விபத்தே இல்லை. ஏன் ஏறவில்லை? இறங்குவதற்காக மூக்கு தூக்கலாக ட்ரிம் செய்த 182-இல் முழுச் சக்தி கொடுத்தால் மூக்கு விருட்டென்று எழும். அதை அழுத்திப் பிடிக்கப் பழகாதவருக்கு ஓடுதளமே பாதுகாப்பாகத் தெரியும்.

விபத்துக் கணக்கிலும் ஓட்டை உண்டு. சக்கரமும் ப்ரொப்பெல்லரும் மட்டும் சேதமானால் சட்ட வரையறைப்படி அது ‘பெருஞ்சேதம்’ ஆகாது. எனவே, யாருக்கும் பலத்த காயமில்லாதவரை விபத்துப் பட்டியலிலும் சேராது. ஃபயர்வால் வளைந்தால்தான் கதை வெளியே வரும்.

என் தீர்ப்பு: விமானி பொறுப்பாளிதான், ஆனால் துள்ளியதற்காக அல்ல, கூடுதல் வேகத்தோடு வந்ததற்கும், முதல் துள்ளலிலேயே மேலேறாததற்கும். இரண்டாவது குற்றத்தில் பாதி, முழு ஃபிளாப்பில் மேலேறும் பயிற்சியைத் தராமல் அவரைத் தனியே பறக்கவிட்ட பயிற்சியாளருடையது. வடிவமைப்பை விடுவிக்கலாம், ‘சுலபம்’ என்று விற்ற விளம்பரத்தை விடுவிக்க முடியாது.