மடைவாயில் ஒரு கட்டி

நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவி கண்ணாடித் தகட்டில் ஒட்டிய மூளைத் திசு, சாயம் ஏறும்வரை ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாது. மெக்சிகோ பக்கத்து மரம் ஒன்றின் வைரத்திலிருந்து எடுக்கும் ஹிமட்டாக்சிலின், செல்லின் கருவை நீலமாக்கும். மற்றதையெல்லாம் இயோசின் இளஞ்சிவப்பாக்கும். கன்னியாகுமரியில் சூரியன் தலைகாட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் கீழ்வானத்தில் இருக்கும் இரண்டு நிறங்கள் இவை. இயோசின் என்ற பெயருக்குள்ளும் விடியலைச் சொல்லும் கிரேக்கச் சொல் ஒன்று இருக்கிறது.

நோயியல் துறையில் நுண்ணோக்கியோடு பல வருடம் இருந்தவன் நான். எத்தனையோ கட்டிகளைப் பார்த்தாயிற்று. ஒன்றைப் பற்றி மட்டும் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. அதன் பெயர் சென்ட்ரல் நியூரோசைட்டோமா. மூளைக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இது வராது. வந்தால் பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில்தான்.

முதலில் அது இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். மூளைக்குள் இருக்கும் நீரறைகளில் ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவுக்கு நீர் ஊறி, ஓடி, கடைசியில் இரத்தத்தில் கலக்கிறது. பக்கத்து அறை இரண்டிலிருந்தும் நடு அறைக்கு அந்த நீர் இறங்குவது மன்றோ துளை என்ற குறுகலான வழியாக. நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம், மடை என்றால் போதும். பேச்சிப்பாறைத் தண்ணீர் வரும் நாளில் மடைவாய் அடைபட்டால் மேல்வயல் என்ன ஆகும் என்பது பார்த்துப் பழகிய விஷயம். இந்தக் கட்டி, இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள மெல்லிய சுவரைப் பற்றிக்கொண்டு, சரியாக அந்த மடைவாயை ஒட்டி வளர்கிறது. மேலே நீர் தேங்குகிறது. காலையில் எழுந்ததும் மண்டையிடி, வாந்தி, கொஞ்ச நாளில் பார்வை மங்கல். "ராத்திரி முழுக்க செல்போன நோண்டுனா வேற என்னல செய்யும்" என்று வீட்டில் சொல்லிவிடக்கூடிய தொந்தரவுகள்தான். ஸ்கேனில் பார்த்தால் சோப்பு நுரைபோலக் குமிழ் குமிழாக இருக்கும்.

நாகர்கோவிலிலோ ஆசாரிபள்ளத்திலோ ஸ்கேன் எடுத்த பிறகு நம் கன்னியாகுமரி மாவட்டத்தார் பலர் வண்டியேறுவது திருவனந்தபுரத்துக்கு, ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்துக்கு. 'சித்ரா' என்று மட்டும் சொன்னால் இங்கே யாருக்கும் புரியும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டாலும் மூளை நோயாளிகளின் வழி இன்னும் பழைய திருவிதாங்கூர் வழிதான்.

மூளைக் கட்டி அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே மிளகளவு திசு நோயியல் அறைக்கு வரும். அதை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து நசுக்கி இழுத்துப் பார்ப்பது, லூயிஸ் ஐசன்ஹார்ட்டும் ஹார்வி குஷிங்கும் 1930-இல் எழுதிவைத்த முறை. இந்தக் கட்டியில் தெரிபவை உருண்டையான கருக்கள், எல்லாம் ஒரே அளவு. தோவாளையில் பிச்சிமொட்டை அளவு பார்த்துப் பொறுக்கிக் குவித்ததுபோல. ஒவ்வொரு கருவுக்குள்ளும் நைஸ் ரவையைத் தூவிய மாதிரி ஒரு பொடி.

அடுத்து, ஃபார்மலினில் ஊறி, மெழுகில் உறைந்து, சாயம் ஏறிய தகடு வரும். அதில் புதிதாக ஒன்று முளைத்திருக்கும்: ஒவ்வொரு கருவைச் சுற்றியும் வெளிறிய வளையம். பாடநூல்கள் பொரித்த முட்டை என்கின்றன. நம் ஊர் ஓட்டலில் கேட்டால் ஆஃப்பாயில். உயிருள்ள செல்லில் அந்த வளையம் கிடையாது. ஃபார்மலின் உள்ளே சென்று சேரத் தாமதமாகும்போது செல் வீங்கி உண்டாகும் பழுது அது. நசுக்கிப் பார்த்த தகட்டில் அது இல்லாமல் போனதும் அதனால்தான். பதப்படுத்தும்போது வந்த பழுதே நோயைக் காட்டும் குறியாகிவிட்ட இந்த விந்தை எனக்கு இன்றுவரை பழகவில்லை.

ஆனால் அதே ஆஃப்பாயில், அதைச் சுற்றிக் கோழிக்கூட்டு வலைபோல ஓடும் அதே மெல்லிய இரத்தக் குழாய்கள், ஆலிகோடென்ட்ரோகிளியோமா என்ற வேறொரு கட்டியிலும் உண்டு. அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். 1982-இல் மார்சேல் நகரத்து ஜாக் அசூனும் கூட்டாளிகளும் இரண்டு நோயாளிகளின் கட்டியை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நரம்பணுக்களுக்கே உரிய இணைப்புகளும் நுண்பைகளும் அதில் இருந்தன. அதற்கு முன்னால் இப்படிப்பட்ட கட்டிகளில் பல மற்றதன் பெயரில்தான் பதிவாயின. பெயர் மாறினால் சிகிச்சை மாறும். ஆலிகோ, மூளைத் திசுவுக்குள் வேர்விட்டு ஊடுருவும். அறுவைக்குப் பிறகு பலருக்குக் கதிர்வீச்சும் மருந்தும் தேவைப்படும். நியூரோசைட்டோமாவை முழுதாக எடுக்க முடிந்தால் பெரும்பாலும் அதுவே போதும். இருபத்தைந்து வயதில் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம்!

இப்போது மரபணுவும் சாட்சி சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டின்படி, ஐடிஎச் மரபணு மாற்றமும், 1-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையும் 19-இன் நீண்ட கையும் சேர்ந்து இல்லாமல்போவதும் இருந்தால்தான் ஆலிகோ என்ற பெயர். நியூரோசைட்டோமாவில் இந்தக் கூட்டு இல்லை. கட்டியின் வேகத்தை அளக்க கேஐ-67 என்ற சாயச் சோதனை. ஜெர்மனியின் கீல் நகரத்து ஆய்வகத் தட்டில் 67-ஆம் குழியில் கிடைத்ததால் அந்தப் பெயர். எல்லாம் வேண்டியவைதான். ஆனாலும் எந்தச் சோதனையைக் கேட்பது என்று முடிவு செய்ய முதலில் கண் சந்தேகப்பட வேண்டும்.

கண் சந்தேகப்படும் இடம் எனக்கு மிகவும் பிடித்த இடம். தகட்டை மெல்ல நகர்த்தினால், நெருக்கியடித்து நிற்கும் செல்களுக்கு நடுவே கருவே இல்லாத திட்டுகள் வரும். வெளிர் ரோஜா நிறம், நார் நாராக, ஒன்றுமில்லாததுபோல. அவசரக் கண் அதைத் தாண்டிப் போய்விடும். அந்தச் செல்கள் ஒன்றையொன்று தேடி நீட்டிய இழைகள்தான் அங்கே பின்னிக் கிடக்கின்றன. நரம்பணு இணைப்பின் புரதமான சினாப்டோபைசினைத் தேடும் சாயத்தைக் கேட்டு எழுதி அனுப்ப வேண்டும். அந்தத் தகடு வரும்போது கருக்கள் நீலமாகவே இருக்கும். நடுவில் வெறுமையாகக் கிடந்த திட்டுகள் மட்டும் காப்பிப்பொடி நிறத்துக்கு ஏறி வந்திருக்கும்.